ஒரு நூல் பிசகாத கதவு: பேசில்டன் பார்க் மாளிகை போய் வந்தோம்

முதலில் ஒரு எச்சரிக்கை. போனில் வெறுமனே ‘பேசில்டன்’ என்று போட்டால் எசெக்ஸ் பக்கம் இருக்கிற பெரிய ஊருக்கு வழி காட்டும். நான் அப்படித்தான் போட்டேன். ரெடிங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத இடத்துக்கு லண்டனைத் தாண்டி ஏதோ ஒரு கோடு நீளமாக ஓடியது. பின் சீட்டில் இருந்த அம்மா, “அவ்ளோ தூரம்னா நான் வரலடி” என்று இறங்கவே போய்விட்டாள். நாம் தேடுவது பார்க்‌ஷயரில், தேம்ஸ் நதிக்கரை மேட்டில், பேங்போர்னுக்கும் ஸ்ட்ரீட்லிக்கும் நடுவே இருக்கும் ‘பேசில்டன் பார்க்’. அந்த ‘பார்க்’கை விட்டுவிடாதீர்கள்.

இது பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற அமைப்பு பார்த்துக்கொள்ளும் மாளிகை. வருடச் சந்தா அட்டை இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டாம். வீடு திறக்கும் நாளும் நேரமும் சீசனுக்கு சீசன் மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே மேட்டில் கொஞ்சம் நடக்க வேண்டும். நாங்கள் போனது ஏப்ரல் கடைசி. மரத்தடியெல்லாம் நீலப் பூ. அம்மா ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், ஐந்து இடத்திலும் போட்டோ எடுக்கச் சொன்னாள்.

சரி, வீட்டுக்கு வருவோம். இங்கிலாந்து மாளிகைகள் பலவற்றில் “எங்கள் குடும்பம் நானூறு வருஷமாக இங்கே இருக்கிறது” என்பதுதான் கதையாக இருக்கும். இந்த வீட்டுக்கு அந்தப் பெருமை கிடையாது. கட்டியவன் பணத்தைத் தொலைத்தான், பேரன் விற்றான், வாங்கியவரின் வம்சமும் விட்டுப் போனது, ஒரு வியாபாரி பிய்த்து விற்றார், ராணுவம் குடியிருந்தது, கடைசியில் ஒரு தம்பதி ஊர் ஊராக ஏலத்தில் பொறுக்கி வந்த சாமான்களை வைத்து ஒட்டுப்போட்டார்கள். எனக்கு இந்த வீட்டைப் பிடித்ததே அந்த ஒட்டுப்போட்ட வேலையால்தான். என் அப்பா தச்சர். கும்பகோணத்தில் ஐம்பது வருஷம் நிலை, கதவு, ஜன்னல் என்று வாழ்ந்தவர். ஒரு வீட்டுக்குள் போனால் விளக்கையும் படத்தையும் பார்ப்பதற்கு முன் கதவு நிலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

கட்டியவர் ஃபிரான்சிஸ் சைக்ஸ். யார்க்‌ஷயர்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சின்ன வயதிலேயே எழுத்தராகச் சேர்ந்து வங்காளம் போனார். 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனி கைக்கு வந்தபோது, கிளைவின் ஆளாக முர்ஷிதாபாத் நவாப் தர்பாரில் கம்பெனிப் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் இவர்தான். உத்தியோகம் ஒரு பக்கம், பட்டு, வெடியுப்பு என்று சொந்த வியாபாரம் இன்னொரு பக்கம். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். 1769-70-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்களைப் பலிகொண்டது. 1771-ல் சைக்ஸ் இந்த எஸ்டேட்டை வாங்கினார். இந்த இரண்டு தேதிகளையும் மனசில் வைத்துக்கொண்டுதான் நான் வாசல் படி ஏறினேன். ஏறும்போது கல் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இந்த மாதிரிப் பணக்காரர்களுக்கு அந்தக் காலத்து இங்கிலாந்தில் ‘நபாப்’ என்று கேலிப்பெயர். நவாப் என்ற நம் ஊர்ச் சொல்தான் திரிந்து போய் அப்படி ஆனது. வங்காளத்துப் பணத்தில் மட்டும் இப்படி மாளிகை எழும்பவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் என்று ஒன்று இருக்கிறது. கட்டியவர் தாமஸ் ரம்போல்டு, மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். பிறகு அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் விளைச்சல் மேலேயே உரிமை கொண்டாடிய அதே பென்ஃபீல்டு. அவரும் திவாலாகி, பாரிஸில் வறுமையில் செத்தார். அந்த வீடு இன்று ஒரு பள்ளிக்கூடம். இதைக் காரில் அம்மாவிடம் சொன்னேன். “நம்ம ஊர் நெல்லாடி?” என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

சைக்ஸ் தன் வீட்டைக் கட்டத் தன் ஊர்க்காரரையே அழைத்தார். ஜான் கார், யார்க் நகரத்துக் கட்டடக் கலைஞர். ஹேர்வுட் மாளிகை அவர் பெயரைச் சொல்லும். பெரும்பாலும் வடக்கேதான் வேலை செய்தவர். தெற்கே இவ்வளவு தூரம் வந்து அவர் கட்டியதில் இதுதான் பெரியது. 1776-ல் வேலை தொடங்கியது. தேன் நிறத்தில், பாத் நகரப் பக்கத்துக் கல். நடுவே பெரிய கட்டடம், இரண்டு பக்கமும் சின்னக் கட்டடம் ஒவ்வொன்று. முகப்பில் ஜான் கார் செய்திருக்கும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறங்கினால் கீழே மூன்று வளைவு. அதற்குள் நுழைந்தால் வெளியிலிருந்து தெரியாதபடி படிக்கட்டு மறைந்திருக்கிறது. ஏறி வந்தால் நான்கு பெரிய தூண்களுக்குப் பின்னால் திறந்த திண்ணை மாதிரி ஓர் இடம். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் பார்க் முழுக்கக் கண்ணில் விழும். கீழே மழையில் நனையாமல் இறங்கவும் ஆச்சு, மேலே ராஜா மாதிரி வந்து நிற்கவும் ஆச்சு. அம்மாவுக்கு அந்தத் திண்ணைதான் மொத்த வீட்டிலும் பிடித்த இடம். முழங்கால் வலியோடு ஏறியவளுக்கு அது உட்காரவும் தோதாக இருந்தது.

சைக்ஸுக்கு இந்த வீட்டில் நிம்மதி இருந்ததா என்பது வேறு விஷயம். நாடாளுமன்றத்தில் கம்பெனிக்காரர்களின் வசூல் பற்றி விசாரணை, ஷாஃப்ட்ஸ்பரி தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுத்த வழக்கு, கம்பெனிப் பங்கு சரிவு என்று அடி மேல் அடி. வீட்டின் நடு அறையான எண்கோண அறை அவர் சாகும்வரை உள்வேலை முடியாமலே கிடந்தது. 1804-ல் அவர் போனார், சில வாரங்களில் மகனும் போனார். ஐந்து வயதுப் பேரனுக்கு மாளிகையும் கடனும் சேர்ந்து வந்தன. அந்தப் பேரனின் மனைவி ஹென்ரியெட்டா, பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலியோடு பழகிய கதை ஊர் முழுக்கப் பேச்சானது. அம்மாவிடம் இதைக் கிசுகிசுத்தபோது, “வீட்டுக்கு வீடு வாசப்படி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

1829-லிருந்து விற்கப் பார்த்து, 1838-ல்தான் விலை படிந்தது. 97,000 பவுண்ட். வாங்கியவர் ஜேம்ஸ் மாரிசன். இவர் கதை எனக்கு சைக்ஸ் கதையைவிட நூறு மடங்கு பிடித்தது. ஹாம்ப்ஷயர் கிராமத்து விடுதிக்காரர் பிள்ளை. லண்டனில் ஒரு நூல், ரிப்பன், துணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார், முதலாளி மகளையே கட்டினார், கடையை இங்கிலாந்திலேயே பெரிய மொத்த வியாபாரமாக்கினார். கொஞ்ச லாபம், சீக்கிரம் விற்பனை. இதுதான் அவர் சூத்திரம். அரச குடும்பத்தில் யாராவது சாகக் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால் சந்தையில் இருக்கும் கறுப்புத் துணியை எல்லாம் முன்கூட்டியே வாங்கிப் போட்டுவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் ஊர் ஜவுளிக்கடை முதலாளிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் அவர் வெறும் கல்லாப்பெட்டி ஆளும் இல்லை. 1824-லேயே ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த ‘தி லாக்’ ஓவியத்தை 150 கினிக்கு வாங்கியவர். இந்த வீட்டை வாங்கியதே தன் ஓவியங்களை மாட்டத்தான் என்று தோன்றும். பேப்வொர்த் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, சைக்ஸ் பாதியில் விட்ட எண்கோண அறையை முடித்தார். 1857-ல் அவர் இறந்தபோது நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். மகள் எல்லன் 1910 வரை இங்கே இருந்தார். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். அந்த ஓவியம் இப்போது இங்கே இல்லை. 2012-ல் ஏலத்தில் 2 கோடி பவுண்டுக்கு மேல் போனது.

இதற்கப்புறம்தான் வயிற்றைக் கலக்கும் பகுதி. 1928-29 வாக்கில் எஸ்டேட்டை முதலாம் ஐலிஃப் பிரபு வாங்கினார். அவருக்கு வேண்டியது நிலம். வீட்டை ஜார்ஜ் ஃபெர்டினாண்டோ என்ற வியாபாரிக்குத் தள்ளிவிட்டார். அந்த வியாபாரி என்ன செய்தார் தெரியுமா? முழு வீட்டையும் கல் கல்லாகப் பிரித்து, கப்பலில் ஏற்றி, அமெரிக்காவில் கேட்கிற இடத்தில் மறுபடி கட்டித் தருகிறேன், விலை 10 லட்சம் டாலர் என்று விளம்பரப் புத்தகம் போட்டார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. வாங்க ஆள் இல்லை. வீடு தப்பியது, உறுப்புகள் தப்பவில்லை. கணப்பு மேடை, கதவு, சுதை வேலை என்று பிய்த்துப் பிய்த்து விற்றார். சாப்பாட்டு அறையின் அலங்காரம் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்குப் போய், அங்கே ‘பேசில்டன் ரூம்’ என்றே ஓர் அறை உருவானது. இரண்டாம் உலகப் போரில் வீட்டை அரசு எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் 101-வது வான்வழிப் படை வந்தது, பிறகு போர்க்கைதிகள். சுதை அலங்காரத்தை விலைக்கு அனுப்பிய வீட்டுக்கு, அமெரிக்கர்களே பூட்ஸ் காலோடு வந்து சேர்ந்தார்கள்.

போர் முடிந்தபோது கூரை ஒழுகல், ஜன்னலில் கண்ணாடி கிடையாது. 1950-களில் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மாளிகைகளை நூற்றுக்கணக்கில் இடித்துத் தள்ளினார்கள். சொத்துக்காரர் இறந்தால் வாரிசு கட்ட வேண்டிய சாவு வரியைக் கட்ட முடியவில்லை, வேலைக்கு ஆள் இல்லை. இதுவும் அந்த வரிசையில் போயிருக்க வேண்டியது. 1952-ல் முதலாம் ஐலிஃப் பிரபுவின் மகன் லாங்டனும் அவர் மனைவி ரெனேயும் இதைத் திரும்ப வாங்கினார்கள். அப்பா விற்றதை மகன் வாங்கினார். ரெனே மொரீஷியஸ் குடும்பத்துப் பெண்.

இங்கேதான் நம் கதவு வருகிறது.

மேல் தளத்தில் ஒரு வாசலில் நின்றிருந்த தன்னார்வலர், எண்பதைத் தொட்ட பெரியவர், அம்மா கதவையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அருகே வந்தார். அம்மா கை நீட்டித் தொடப் போய், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் இது. லிங்கன்ஷயரில் பேன்டன் ஹால் என்று ஒரு வீடு. அதிலும் ஜான் காரின் கை பட்டிருந்தது. அது அழிவுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஐலிஃப் தம்பதி அங்கிருந்து கணப்பு மேடைகளையும் மகோகனிக் கதவுகளையும் வாங்கி வந்தார்கள். பேசில்டனில் காலியாக நின்ற நிலைகளில் மாட்டினால், அப்படியே பொருந்தியது. ஜான் கார் எந்த வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரே கணக்கு வைத்து வேலை வாங்கியிருக்கிறார்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் குனிந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கும் சந்தை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தாள். நானும் பார்த்தேன். மேலே எவ்வளவோ அவ்வளவே கீழேயும். ஒரு நூல் இருக்கும், அவ்வளவுதான். நூல் என்றால் தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்பா ஒரு கதவை நிலையில் மாட்ட எத்தனை தடவை கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றுவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், அதற்கும் இடம் விட வேண்டும். இங்கே என்னவென்றால் ஒரு வீட்டுக் கதவு இன்னொரு வீட்டு நிலையில், இத்தனை வருஷம் கழித்து, இழைப்புளி படாமல் போய் உட்கார்ந்திருக்கிறது. “உங்கப்பா இருந்திருந்தா இன்னிக்கு இங்கேயே படுத்துப்பார்” என்றாள் அம்மா.

கதவு மட்டுமா? ஐலிஃப் தம்பதி எந்த வீடு விழுந்தாலும் அங்கே ஏலத்துக்குப் போயிருப்பார்கள் போல. சிவப்புப் படுக்கையறையில் இருக்கும் கட்டில், பட்டுத் துணியெல்லாம் சஸெக்ஸில் இருந்த ஆஷ்பர்ன்ஹாம் பிளேஸ் மாளிகையின் 1953 ஏலத்தில் வந்தவை. எண்கோண அறையின் சுவர் முழுக்கச் சிவப்புக் கம்பளித் துணி. அதன்மேல் இத்தாலிய ஓவியர் பாத்தோனி வரைந்த பரமபிதாவும் சீடர்களும். ஓவியங்கள் பிரமாதம். அறையைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அவ்வளவு சிவப்புக்கு நடுவே பத்து நிமிஷம் இருந்தால் மாலை நேர ரயில் பெட்டியில் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. அம்மாவின் கருத்து: “இந்தத் துணியில எவ்ளோ தூசி அடையும்!” வெல்வெட் நாற்காலியில் ஒரு பைன் காய் வைத்திருந்தது. உட்காராதீர்கள் என்பதற்கான நாசூக்கான அடையாளம் அது. அம்மா அதை ஏதோ சாமி பீடம் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

கிளிஞ்சல் அறையை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். குழந்தைகளுக்குப் பிடிக்கும். சதர்லாண்டு அறையில் நிற்கலாம். கோவென்ட்ரி தேவாலயத்தில் தொங்கும் பிரம்மாண்டமான கிறிஸ்து திரைச்சீலைக்கு கிரஹாம் சதர்லாண்டு வரைந்து பார்த்த முன்வரைவுகள் அங்கே இருக்கின்றன. ஐலிஃப்களின் பத்திரிகைத் தொழில் கோவென்ட்ரியில் தொடங்கியது என்பதால் அந்த உறவு. கீழே 1950-களின் சமையலறையும் உண்டு. அம்மா அங்கேதான் அதிக நேரம் நின்றாள், அலமாரிகளை எண்ணினாள். 1978-ல் ஐலிஃப் தம்பதி வீட்டை நேஷனல் டிரஸ்டுக்கே கொடுத்துவிட்டார்கள். சினிமாக்காரர்கள் அடிக்கடி வந்து படம் எடுக்கிறார்கள். படத்துக்காக வருகிறவர்கள் கூட்டம் தனி.

எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல், வீட்டின் அழகே சைக்ஸை மறக்கடித்துவிடுகிறது என்பது. ரெனேயின் திரைச்சீலைகளையும் பீங்கான்களையும் பார்த்துக்கொண்டே வருகிறோம். முர்ஷிதாபாத் எங்கோ போய்விடுகிறது. போவதற்கு முன் சைக்ஸைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். திண்ணையில் நிற்கும்போது அந்தக் காட்சிக்கு வேறு கனம் வரும்.

நடைமுறை விஷயங்கள். வீட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம், பார்க்கையும் சேர்த்தால் அரை நாள். மழை பெய்த மறுநாள் என்றால் சேறு ஒட்டும், நல்ல ஷூ போடுங்கள். பெரியவர்களோடு போனால் படிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். டீயும் ஸ்கோனும் நன்றாக இருந்தன. அம்மா தயிர்சாதம் கொண்டு வந்திருந்தாள், அதைக் கார் பக்கத்து மரத்தடியில் முடித்துவிட்டுத்தான் டீக்கே போனோம். நேரம் இருந்தால் கீழே செயின்ட் பார்தலோமியூ தேவாலயத்தையும் பாருங்கள். விதை விதைக்கும் கருவியால் பெயர் பெற்ற ஜெத்ரோ டல் இந்த ஊரில் பிறந்தவர், அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். அம்மாவின் கால் ஒத்துழைக்காததால் நாங்கள் போகவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தச் சிவப்புச் சுவருக்காக.

கும்பகோணத்தில் அப்பாவின் பட்டறையை இப்போது சித்தப்பாதான் நடத்துகிறார். கதவின் போட்டோவை அன்றைக்கே அனுப்பினேன். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது: “பொருந்தினதெல்லாம் சரிம்மா. கீல் எந்த வீட்டுது? பழசா, புதுசா மாத்தினதா? அத ஏன் எடுக்கல?” நான் கீலைப் பார்க்கவே இல்லை. அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முன் இன்னொரு தடவை போக வேண்டும். அட்டை இருக்கிறது, போனில் இந்த முறை ‘பார்க்’ சேர்த்துப் போடுவேன்.